ஊராட்சிக் கணக்கைக் கேட்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகக் கிராம சபையில் எழுந்து நின்று பேசியது தெருவிளக்கைப் பற்றி. விளக்குச் செலவு என்று இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, எங்கள் தெரு ரெண்டு மாதமாக இருட்டாகக் கிடக்கிறதே என்று குரலை உயர்த்தினேன். நாலு பேர் கைதட்டினார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே "நாளைக்கே போட்டுடலாம் தம்பி" என்றார், சொன்னபடி மறுநாளே போட்டும் விட்டார்கள். நானும் ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் திரிந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: நான் கேட்டது விளக்கை, கிடைத்ததும் விளக்குதான். அந்தச் செலவுக்கணக்கை நான் கேட்கவும் இல்லை, யாரும் காட்டவும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே தொகை, கொஞ்சம் கூடுதலாகவே, அதே தலைப்பில் வந்து நின்றது.

அரசு செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று டீக்கடையில் பேசாதவர் இல்லை. ஒன்றிய பட்ஜெட்டையும் மாநிலக் கடனையும் பற்றிப் பேசலாம், தப்பில்லை, ஆனால் அங்கே உங்களால் டேப் வைத்து அளந்து பார்க்க முடியாது. ஊராட்சியில் முடியும். போட்ட ரோடு கண் முன்னால் இருக்கிறது, வாங்கிய பல்பு கம்பத்தில் தொங்குகிறது, பணம் கொடுத்த தேதி போனிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. உங்களுடையதில் எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கூட்டத்துக்குப் போனால், "அது அந்த நிதி இல்லை, இது வேறு நிதி" என்று ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஊராட்சிக்கு வரும் பணத்தை மூன்று வழியாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை ஊராட்சியின் சொந்த வருமானம். அடுத்தது, அரசின் பணத்தில் ஊராட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களின் வழியாக வருவது, அதாவது மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும். மூன்றாவது, குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே வரும் நிதி. இதில் மத்திய நிதிக்குழுப் பணத்துக்கு ஒரு கட்டு உண்டு. பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான், மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது. அந்த ஆண்டுகளின் கணக்கைப் பார்க்கிறவர்கள் இந்தப் பிரிவினையை மனதில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் கரண்ட் பில். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஊராட்சிதான் மின்கட்டணம் கட்டுகிறது, கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருந்தால் அதற்கும் தனியே கட்ட வேண்டும். சிறிய ஊராட்சிகளில் கையில் வரும் காசில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிவிடும். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் செலவு வளர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

போனில் ஒரு மணி நேரம்

ஈ-கிராம் ஸ்வராஜ் என்ற ஒன்றிய அரசின் இணையதளம் 2020 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊருக்கு என்ன திட்டம் போட்டார்கள், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் எந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் வரும். பக்கம் மெதுவாகத் திறக்கும், பொறுமை வேண்டும். மத்திய நிதிக்குழுப் பணம் இதில் ஓரளவு தெளிவாகத் தெரியும், ஊராட்சியின் சொந்த வருமானச் செலவை இதில் மட்டும் நம்பித் தேட வேண்டாம்.

ஐந்து ஆண்டுக் கணக்கையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு நிதியாண்டை எடுங்கள். அதில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, அல்லது திரும்பத் திரும்ப வரும் ஒரு செலவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், பைப்லைன் அடைப்பு, இந்த நாலும் எந்த ஊரிலும் இருக்கும். ரோடு போட்டால் ரோடாவது மிஞ்சும், பிளீச்சிங் பவுடர் கரைந்து போய்விடும். அதனால் இந்த மாதிரிச் செலவுகளைக் கேட்பதுதான் கடினம், கேட்க வேண்டியதும் இவற்றைத்தான் என்பது என் கருத்து.

அளந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள்

சிமெண்ட் ரோடு என்றால் நீளம், அகலம், கனம், இந்த மூன்று எண்தான் விஷயம். வேலை தொடங்கும் முன் போடும் மதிப்பீட்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். போட்டது 12 சென்டிமீட்டர்தான் என்றால் 36 கன மீட்டர். நடந்து போகிறவன் கண்ணுக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவது தெரியவே தெரியாது, பில்லில் அது ஐந்தில் ஒரு பங்கு. ரோட்டின் ஓரத்தில் மண் ஒதுங்கிய இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம், ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாமல் ஏழெட்டு இடத்தில் பாருங்கள். மதிப்பீடு கையில் வராமல் "திருட்டு" என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள், கனம் உண்மையிலேயே 12 என்று மதிப்பீட்டில் இருந்தால் அசடு வழிய வேண்டி வரும்.

விளக்குக்கு வருவோம். எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து ரெண்டு சாயங்காலம் நடந்து கம்பங்களை எண்ணினோம். கம்பத்தில் நம்பர் இருந்தால் நம்பர், இல்லையென்றால் யார் வீட்டு வாசல் என்று ஒரு நோட்டில் எழுதினோம், எரிகிறதா இல்லையா என்று ஒரு டிக். பிறகு இருப்புப் பதிவேட்டில் ஓராண்டில் எத்தனை பல்பு வாங்கினார்கள் என்று பார்த்தால், ஊரில் இருக்கும் கம்பத்தைவிட வாங்கிய பல்பு அதிகம். அன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரவில்லை, பெரிய ஊழலைப் பிடித்துவிட்டோம் என்று. விசாரித்தால் விஷயம் வேறு. விலை குறைவு என்று உத்தரவாதம் இல்லாத பல்பை வாங்கி, அது நாலு மாதத்தில் போக, மறுபடி அதையே வாங்கி, இப்படியே ஆண்டு முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். யாரும் பாக்கெட்டில் போடவில்லை, இருந்தாலும் காசு போனது போனதுதான். உத்தரவாதம் உள்ள பல்பு மட்டுமே வாங்க வேண்டும், பழுதானதைத் திருப்பிக் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கணக்குக் கேட்பது கள்ளனைப் பிடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனால் இந்த மாதிரி விரயம் கண்ணிலேயே படாது.

ஆவணத்தை வாங்குவது

முதலில் வாயால் கேளுங்கள். ஊராட்சிச் செயலர் பல இடங்களில் காட்டிவிடுவார், அவர் நம் ஊர்க்காரர்தானே. வார்டு உறுப்பினரையும் துணைத் தலைவரையும் மறக்க வேண்டாம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும், அதனால் துணைத் தலைவருக்குத் தெரியாமல் பெரிய செலவு போவது கடினம்.

மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதைக் கேட்டதும் வக்கீல் வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு, வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது, சான்று நகல் மட்டும் இணைக்க வேண்டும். "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்" என்று யூனியன் ஆபீஸுக்கு அனுப்புங்கள். தவறான அலுவலகமாக இருந்தாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, 6(3) பிரிவு. எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, 6(2).

புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் ஒரே பெரிய தப்பு, "ஏன்" என்று கேட்பது. "எங்கள் தெரு ரோடு ஏன் மூன்றே மாதத்தில் பெயர்ந்தது?" என்று எழுதினால், இது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் பதில் வரும், சட்டப்படி அதில் தப்பும் இல்லை. காகிதத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"எங்கள் ஊராட்சியில் 2023-24 நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட இன்ன தெரு சிமெண்ட் சாலைப் பணி தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கவும். 1. பணி மதிப்பீடு. 2. நிர்வாக அனுமதி ஆணையும் பணி ஆணையும். 3. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கான பக்கங்கள். 4. பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும். 5. இப்பணியை அனுமதித்த தீர்மானத்தின் நகல். மேலும், பிரிவு 2(ஒ)ன்படி மேற்கண்ட கோப்புகளையும் பணியையும் நேரில் ஆய்வு செய்ய ஒரு தேதியை அறிவிக்கவும்."

(தமிழில் அச்சிட்ட சட்டப் புத்தகங்களில் உட்பிரிவு எழுத்து ஆளுக்கொரு மாதிரி இருக்கிறது. "ஆய்வு செய்யும் உரிமை" என்று சொல்லாலும் எழுதிவிடுங்கள், குழப்பம் இருக்காது.)

அளவுப் புத்தகம் என்பதுதான் உயிர். யூனியன் ஆபீஸில் எம்-புக் என்பார்கள். ஓவர்சியர் அளந்து எழுதி, பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட எண்கள் அதில்தான் இருக்கும். உங்கள் டேப் சொல்லும் எண்ணையும் எம்-புக் சொல்லும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், பேச்சே தேவையில்லை.

நகலுக்குப் பக்கத்துக்கு ரெண்டு ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்துக்குப் போனால் மாதக்கணக்கில் ஆகும், அதனால் முதல் மேல்முறையீட்டிலேயே முடிக்கப் பாருங்கள்.

இன்னொன்று: பயனாளிகளின் பெயர், வங்கிக் கணக்கு மாதிரி தனிநபர் விவரங்களைக் கேட்டால் மறுப்பது இப்போது அவர்களுக்குச் சுலபம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் அந்தப் பிரிவையே திருத்திவிட்டது. வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

இவ்வளவு சலுகை சும்மா வந்ததில்லை. ராஜஸ்தானில் அருணா ராயும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஊராட்சிப் பணிகளின் பதிவேடுகளை ஊர் மக்கள் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டியது. காகிதத்தில் எழுதியிருப்பதும் தங்கள் ஊரில் நடந்ததும் ஒன்றா என்பதை அந்த மக்களே எழுந்து சொன்னார்கள். 2005 தகவல் சட்டத்துக்கும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் வந்த சமூகத் தணிக்கைக்கும் விதை அங்கே விழுந்தது. அதற்கு முன்பே, 1997-லேயே, தமிழ்நாடு தனியாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுவிட்டது. விதிவிலக்குகள் ஏராளமாக இருந்ததால் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கிராம சபை நாளில்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்தவை. குறைந்தபட்ச வருகை உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

பொது நிதிச் செலவினம் என்பது பெரும்பாலும் கூட்டப்பொருளில் முதல் வரியிலேயே இருக்கும். அதை வாசிக்காமலேயே தாண்டிப் போவதும் வழக்கம். ஒரு வாரம் முன்னாலேயே "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வரவு செலவை இனவாரியாக வாசிக்க வேண்டும்" என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனுவைச் செயலரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை ஆளாகப் போகாதீர்கள். கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவர் விளக்கு, ஒருவர் மோட்டார், வயதான ஒரு அம்மா பிளீச்சிங் பவுடர் என்று. அம்மாக்கள் கேட்டால் பதில் சீக்கிரம் வரும், அனுபவத்தில் சொல்கிறேன். தலைவர் பெண்ணாக இருந்து, கணவர் மைக்கைப் பிடித்தால், "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று தலைவரைப் பார்த்தே கேளுங்கள். நாலு தடவை இப்படி நடந்தால் மைக் தானாக அவர் கைக்குப் போய்விடும்.

கையெழுத்து விஷயத்தில் கவனம். வருகைக்கு ஒரு கையெழுத்து வாங்குவார்கள், போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வெறும் பக்கத்தைக் காட்டி, பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றால் போடாதீர்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, வாசித்த பிறகுதான் கையெழுத்து. எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாயால் கொடுத்த வாக்குறுதிக்கு அடுத்த கூட்டத்தில் மதிப்பில்லை.

உங்கள் ஊராட்சியில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லையா? 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள், 2016-லிருந்து 2019 இறுதி வரையும் மாநிலம் முழுக்க இதே கதைதான். அப்போதும் கிராம சபை உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. சொல்லப்போனால் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய அவசியம் இல்லாதவர் செலவு செய்யும் காலத்தில்தான் இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

செலவான பிறகு கேட்பதைவிட

இதுவரை சொன்னதெல்லாம் போன காசைப் பற்றி. போகப் போகிற காசைக் கேட்பதுதான் லாபம், ஆனால் அதில் கைதட்டல் கிடைக்காது. புதுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்கிறவனை ஊரில் யாருக்குப் பிடிக்கும்?

2006-லிருந்து 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். திறக்க ஆள், வாங்கப் புத்தகம், கட்டக் கரண்ட் பில் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடாத ஊர்களில் சில ஆண்டிலேயே பூட்டுத் தொங்கியது. பிற்பாடு அதைச் சீரமைக்க இன்னொரு நிதி. கட்டும் பணம் மேலேயிருந்து வருகிறது, பராமரிக்கும் பணம் நம் வீட்டு வரியிலிருந்து போகிறது. தூணில் நாலு விளக்கு கூடினால் அதற்கு மாதாமாதம் பில் கூடும், ஒரு போர்வெல் கூடினால் ஒரு மோட்டாரும் அதன் ரிப்பேரும் கூடும்.

அக்டோபர் 2 கூட்டத்தையொட்டி அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகும். அப்போது ஒவ்வொரு புது வேலைக்கும் மூன்றே கேள்வி கேளுங்கள்: இதே வேலைக்கு ஏற்கெனவே இருப்பது ஏன் பயன்படவில்லை, இதை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அதை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்போம். பதில் இல்லாத வேலையைத் திட்டத்தில் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். ரத்து செய் என்று நின்றால் சண்டை வரும், வரிசையை மாற்று என்றால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

வேலைக்கு ஆகவில்லை என்றால்

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஆவணத்தோடு மனு கொடுங்கள். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவு தலைவர் மீது ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வழி செய்கிறது. தெளிவான பண மோசடி என்றால் ஊழல் தடுப்புப் பிரிவு. இவை எல்லாம் கடைசிக் கட்டம், முதல் மாதத்திலேயே போகாதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், விண்ணப்பங்களை எப்போதும் ஒரே ஆள் பெயரில் போடாமல் நாலு பேர் பெயரில் தனித்தனியாகப் போடுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 1-லிருந்து, கிராம சபை மாதிரியே அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அதிகாரம் கிராம சபை அளவுக்கு இல்லை, ஆனால் எம்-புக்கும் டேப்பும் அங்கேயும் ஒன்றுதான்.

தேதிக்கணக்கை மட்டும் பின்னாலிருந்து போடுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் எம்-புக் நகல் கையில் இருக்க வேண்டும் என்றால், பதிலுக்கு முப்பது நாள், தபாலுக்கும் நகல் கட்டணம் கட்டவும் பத்து நாள் என்று வைத்தாலும் ஆகஸ்ட் 20-க்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதாவது எந்த வேலையைக் கேட்பது என்று ஆகஸ்ட் 15 கூட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிடுங்கள், அந்த ஐந்து நாளில் கம்பத்தையும் எண்ணி முடித்துவிடலாம்.